1989 டொயோட்டா பிக்அப்பில் எந்த முன் ஆக்ஸிலைப் பொருத்துவது?

பாலைவழி, மேசா (அரிசோனா)

வணக்கம். எங்களிடம் இருப்பது 1989-ஆம் ஆண்டு டொயோட்டா பிக்அப். 22ஆர்இ நான்கு சிலிண்டர் எஞ்சின், ஐந்து கியர், நான்கு சக்கர இயக்கம். ஒன்பது வருடங்களாக நான்தான் ஓட்டுகிறேன். ஆயில் மாற்றுவதில் தொடங்கி கிளட்ச் இறக்குவது வரை நானும் கணவரும் வீட்டு ஷெட்டிலேயே செய்துவிடுவோம். மருத்துவமனையில் எனக்கு இரவுப் பணி. தொடர்ந்து மூன்று நாள் விடுப்பு கிடைத்துவிட்டால் இந்த வண்டியும் நாங்களும் பாலைவனத்தில்தான் இருப்போம்.

போன மாதம் ஃபீனிக்ஸுக்கு வடக்கே டேபிள் மேசா பகுதியில் ஒரு பாறைப் படியில் ஏறிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஸ்டீயரிங் கையில் கனமில்லாமல் சுற்றியது. இறங்கிப் பார்த்தால் இடது சக்கரம் நேராக நிற்கிறது, வலது சக்கரம் வெளிப்புறம் திரும்பி நிற்கிறது. ஸ்டீயரிங் இணைப்பின் வலது முனையைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம் வளைந்துவிட்டது. இது மூன்றாவது முறை. கயிறும் கட்டையும் வைத்து ஓரளவு நிமிர்த்தி, மணிக்கு 30 மைலில் வீடு வந்து சேர்ந்தோம். டயர் இப்போது 33 அங்குலம். 35-க்குப் போக ஆசை. இந்த முன்பக்கத்தை வைத்துக்கொண்டு அது நடக்காது என்று புரிந்துவிட்டது. தனித்தனி சஸ்பென்ஷனை மொத்தமாகக் கழற்றிவிட்டு, வில்பட்டையில் உட்காரும் ஒரே நீள முன் ஆக்ஸிலைப் பொருத்தப் போகிறோம்.

கண்ணில் பட்டவை மூன்று. காசா கிராண்டேயில் ஒருவர் 1983 டொயோட்டா பிக்அப்பின் முன் ஆக்ஸிலை, சக்கரத்துக்குச் சக்கரம் முழுதாக, 600 டாலருக்குத் தருகிறார். பக்கத்து ஊர்க் காயலான் கடையில் 1976 ஷெவர்லே கே10 பிக்அப்பின் டேனா 44 என்ற முன் ஆக்ஸில் கிடக்கிறது. தெரிந்த மெக்கானிக் ஒருவரோ, “எதற்கு இரண்டு தடவை வேலை? ஒரேயடியாக டேனா 60 போட்டுவிடுங்கள்” என்கிறார். இந்த வண்டியில்தான் நான் வேலைக்கும் போகிறேன். போக 22 மைல், வர 22 மைல், பெரும்பாலும் நெடுஞ்சாலை. எதை வாங்கட்டும்?

ஃபிரெஸ்னோ பட்டறை, கலிபோர்னியா

சகோதரி, காசா கிராண்டேக்குப் போய் அந்த 1983 ஆக்ஸிலைப் பார்த்துவிட்டு வாருங்கள். என் பதில் அதுதான். காரணங்களைச் சற்று நீளமாகவே சொல்கிறேன். இதே மாற்றத்தை இரண்டு வண்டிகளில் செய்திருக்கிறேன். முதல் வண்டியில் நான் கேட்காமல் விட்ட கேள்விகளை நீங்கள் இப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

என் அப்பா நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருந்தார். பட்டை கழற்றுவது, யூ போல்ட் முறுக்குவது, சென்டர் போல்ட் அறுந்ததை மாற்றுவது எல்லாம் பள்ளிக்கூட வயதிலேயே பழக்கமாகிவிட்டது. அதனால் இந்த வேலை எனக்குத் தெரிந்ததுதான் என்று இறங்கினேன். ஆனால் அந்த லாரியின் முன் ஆக்ஸில் சும்மா உருண்டு வருவது. இதுவோ வண்டியை இழுக்க வேண்டும், திரும்பவும் வேண்டும். சிக்கல் எல்லாம் அந்தத் திரும்பும் மூட்டில்தான் இருக்கிறது.

முதல் கேள்வி: டிஃபரன்ஷியல் உருண்டை, அதாவது ஆக்ஸிலில் கியர்கள் அடங்கிய வீங்கிய பகுதி, எந்தப் பக்கம்? எஞ்சின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் உங்கள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்னால் போகும் ஷாஃப்ட் வலது பக்கம், அதாவது இங்கே பயணி உட்காரும் பக்கம், வெளியே வருகிறது. ஆகவே ஆக்ஸிலின் உருண்டையும் வலது பக்கம் இருந்தாக வேண்டும். டொயோட்டாவில் அப்படித்தான். 1970-களின் ஷெவர்லே டேனா 44-இலும் அப்படித்தான். 1977 பிற்பகுதியிலிருந்து 79 வரை வந்த ஃபோர்டு எஃப்150, பிரான்கோ வண்டிகளின் டேனா 44 மிக அருமையான ஆக்ஸில், ஷாஃப்ட் வந்து சேரும் சிறு கியரான பினியன் உயரத்தில் இருக்கும். ஆனால் உருண்டை இடது பக்கம். யாராவது மலிவாகத் தருகிறேன் என்றாலும் உங்களுக்கு வேண்டாம். டிரான்ஸ்ஃபர் கேஸையே மாற்ற நேரிடும்.

இரண்டாவது கேள்வி அகலம். 1985 வரை வந்த டொயோட்டா முன் ஆக்ஸில், சக்கரம் உட்காரும் முகத்திலிருந்து முகம் வரை ஏறத்தாழ 55 அரை அங்குலம். உங்கள் வண்டியின் பின் ஆக்ஸில் 58 அரை. முன்பக்கம் மூன்று அங்குலம் குறுகிவிடும். இதற்குப் பயப்பட வேண்டாம். நீங்கள் கழற்றப் போகும் அந்தப் பழைய முன்பக்கத்தின் ஹப்புகளையே இந்த ஆக்ஸிலில் போட்டால் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் வெளியே வந்து சரியாகிவிடும். அதற்குப் பொருந்தும் டிஸ்க்கும் காலிப்பரும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கே10 ஆக்ஸில் ஏறக்குறைய 65 அங்குலம். அதைப் போட்டால் பின் ஆக்ஸிலையும் மாற்றத் தோன்றும், செலவு அங்கேதான் கை மீறும்.

டேனா 60 பற்றி. பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரௌன் மட்டுமே 9.75 அங்குலம், சக்கரத்துக்கு எட்டு போல்ட். முக்கால் டன், ஒரு டன் லாரிகளைத் தாங்கப் பிறந்த ஆக்ஸில் அது. 40 அங்குல டயரும் வி8 எஞ்சினும் இருந்தால் நானே அதைத்தான் சொல்வேன். உங்கள் 22ஆர்இ 116 குதிரைத்திறன் எஞ்சின். அந்த எடையைத் தினமும் 44 மைல் சுமந்து என்ன கிடைக்கப் போகிறது? உருண்டையும் பெரியது, பாறைக்கும் அதற்கும் நடுவே இருக்கும் இடைவெளி குறையும். 35 அங்குல டயர் தந்த உயரத்தில் ஒரு பகுதியை அதுவே தின்றுவிடும். மெக்கானிக் நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார், ஆனால் அது வேறு வண்டிக்கான பதில்.

டொயோட்டா ஆக்ஸிலின் பலவீனம் பிர்ஃபீல்ட் ஜாயிண்ட். சக்கரத்தைத் திருப்பும் கூடான நக்கிளுக்குள் கிரீஸில் மூழ்கியிருக்கும் ஆறு குண்டு மூட்டு. 35 அங்குல டயர், முன்னால் லாக்கர் (இரு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிச் சுழற்றுவது), ஸ்டீயரிங் முழுதும் ஒடித்த நிலை, அதில் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது, இந்த நான்கும் ஒரே நொடியில் சேர்ந்தால் அதன் கிண்ணம் பிளந்துவிடும். எனக்கு இங்கே கலிபோர்னியாவின் ரூபிகான் பாறைப் பாதையில் பிளந்தது. லூன் ஏரியிலிருந்து கிளம்பிய முதல் நாள் மாலை. பாறை மீது நக்கிளைத் திறந்து, கருங்கிரீஸுக்குள் கைவிட்டு, உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தேன். ஒரு துண்டு குறைந்தாலும் அடுத்த ஜாயிண்ட்டையும் அது மென்றுவிடும் என்பதால், எல்லாத் துண்டுகளையும் துணியில் வைத்து ஒட்டிப் பார்த்து, கிண்ணம் முழுமையாகிறதா என்று உறுதி செய்த பிறகே புதியதைப் போட்டேன். அதன்பின் லாங்ஃபீல்ட் தயாரிப்பான, குரோமோலி எனும் வலுவான எஃகாலான ஜாயிண்ட்டும் ஷாஃப்ட்டும் போட்டேன். இன்றுவரை உடையவில்லை. உங்கள் 600 டாலரோடு இந்தச் செலவையும் முதல் நாளே சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இன்னொரு நன்மையும் உண்டு. டொயோட்டாவில் கிரௌன்-பினியன் தொகுதி முழுதாகப் பினியன் இருக்கும் பக்கமாகக் கழன்று வரும். மேசை மேல் வைத்து அமைத்து, திரும்பப் பொருத்தலாம். பிற்பாடு வசதி வந்தால் லேண்ட் குரூசர் 80 வரிசையின் முன் தொகுதியை, லாக்கர் இல்லாத வகையை, இதே கூட்டில் போடலாம். அதில் பினியன் உயரத்தில் இருப்பதால் ஷாஃப்ட் பாறையில் படாது. பல்லும் முன்னோக்கிப் போகும்போது தன் வலுவான முகத்தால் தள்ளும். சாதாரணத் தாழ் பினியன் முன் ஆக்ஸிலில் பல்லின் பின்முகம்தான் வேலை செய்கிறது.

கியர் விகிதம் முன்னும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தொழிற்சாலை 4.10-ஐ வைத்துக்கொண்டு 35 அங்குல டயரைச் சுழற்றினால் நெடுஞ்சாலை ஏற்றத்தில் ஐந்தாவது கியரை மறந்துவிட வேண்டியதுதான். தொழிற்சாலை டயரில் இருந்த பழைய வேகம் திரும்ப வேண்டுமென்றால் கணக்குப்படி 5.07 தேவைப்படுகிறது. கிடைப்பது 4.88 அல்லது 5.29. பலர் 5.29 என்பார்கள். அதில் பினியனுக்கு ஏழே பல், கிரௌனுக்கு 37. 4.88-இல் எட்டுக்கு 39. பினியன் தடிமனாக இருக்கும். தினமும் ஓட்டும் வண்டிக்கு என் வாக்கு 4.88.

கடைசியாக ஸ்டீயரிங். 1985 வரை வந்த அமைப்பில் ராட் முன்னும் பின்னும் போய் இடது நக்கிளைத் தள்ளும். பட்டை மேலும் கீழும் ஆடும்போது வண்டி தானாகத் திரும்பப் பார்க்கும். அதை அப்படியே நகலெடுக்காதீர்கள். உங்கள் வண்டியில் இருக்கும் ஸ்டீயரிங் பாக்ஸையே சற்று முன்னால் நகர்த்தி, ராட்டைக் குறுக்கே வலது நக்கிளுக்குக் கொண்டுபோங்கள். டை ராட் பட்டைக்கு மேலே போகும்படி உயர்ந்த ஆர்ம் போட வேண்டும். அப்போதுதான் பாறை அதைத் தொடாது. உங்களை மூன்று முறை நடுவழியில் நிறுத்தியது ஸ்டீயரிங்தான். பணத்தில் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் வேறெங்காவது பிடியுங்கள், இதில் பிடிக்க வேண்டாம். பாக்ஸைப் பிடிக்கும் போல்ட்டுகள் சட்டத்தின் குறுக்கே போகும் இடத்தில் உள்ளே இரும்புக் குழாய் வைத்து வெல்ட் செய்ய மறக்காதீர்கள். குழாய் இல்லாமல் முறுக்கினால் சட்டம் நசுங்கி, போல்ட் நாளடைவில் தளர்ந்துவிடும்.

கிராண்ட் ஜங்ஷன்வாசி, கொலராடோ

ஃபிரெஸ்னோ அண்ணன் சொன்ன எதையும் மறுக்கவில்லை. ஆனால் டேனா 44-ஐ இவ்வளவு வேகமாகத் தள்ளிவிட வேண்டாம். என்னுடைய 1993 பிக்அப் வி6. அதில் 1975 ஷெவர்லேயின் டேனா 44 ஏழு வருடமாக இருக்கிறது. சக்கரத்துக்கு ஆறு போல்ட், 5 அரை அங்குல வட்டம், டொயோட்டாவுக்கு உள்ளது போலவே. பழைய சக்கரமே ஏறிவிட்டது. உருண்டையும் வலது பக்கம்.

எனக்கு அதில் பிடித்தது திரும்பும் மூட்டான யூ ஜாயிண்ட். கண்ணுக்கு முன்னால் திறந்து கிடக்கிறது. கெட்டுப்போகத் தொடங்கினால் மூடியோரம் துரு நிறப் பொடி தெரியும், கையால் ஆட்டினால் தெரியும். பிர்ஃபீல்ட் அப்படி முன்கூட்டிச் சொல்லாது. உடைந்தாலும் எந்தச் சிற்றூர் உதிரிபாகக் கடையிலும் அதன் நடுவிலுள்ள கிராஸ் கிடைக்கும்.

யூட்டாவின் மோவாப் எனக்கு இரண்டு மணி நேரத்துக்குள் வரும் தூரம். அங்கேயுள்ள மணற்கல் வழுக்காது, உப்புத்தாள் போல டயரைப் பிடித்துக்கொள்ளும். மண்ணில் சக்கரம் சுழன்று தப்பித்துக்கொள்ளும். ஹெல்ஸ் ரிவெஞ்ச் போன்ற பாதையில் சுழல வழியே இல்லாததால் விசை முழுவதும் ஷாஃப்ட்டுக்குப் போகிறது. அப்படிப்பட்ட இடத்துக்கு அடிக்கடி போவீர்களானால் 8.5 அங்குல கிரௌன் நிம்மதி தரும். இடது நக்கிளில் மேல் ஆர்ம் போட இடமில்லை என்பதால் வேறு நக்கிள் வாங்கினேன், வலதை லேத்தில் சமன் செய்து துளை போட்டேன். அகலத்துக்காகப் பின் ஆக்ஸிலையும் மாற்றினேன். ஆக, அண்ணன் சொன்ன செலவுக் கணக்கு என் வீட்டில் அப்படியே நடந்தது. ஆனாலும் வருத்தமில்லை.

நீங்கள் மோவாப்புக்கு வருடத்தில் எத்தனை முறை வருவீர்கள்? முன்னால் லாக்கர் போடும் எண்ணம் உண்டா?

பாலைவழி, மேசா

இருவருக்கும் நன்றி. மோவாப்புக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் போகிறோம். லாக்கர் பின்னால் இருக்கிறது, முன்னால் இப்போதைக்கு இல்லை.

நேற்று காசா கிராண்டே போய் வந்தோம். ஆக்ஸில் ஒரு கொட்டகையில், இரண்டு கட்டைகளின் மேல். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கணவர் இடது நக்கிளின் பின்பக்கத் தகட்டை விரலால் துடைத்தார். கிரீஸ் கறுப்பாக இல்லை, சாம்பல் நிறத்தில் கஞ்சி போல வழிந்தது. கியர் ஆயில் வாசனை. விற்பவர், “பழையது என்றால் அப்படித்தான்” என்றார். வலது பக்கம் கெட்டியான கறுப்புக் கிரீஸ். ஹவுசிங் வளைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நூலை இழுத்துக் கட்டினோம், கண்ணுக்குக் கோணல் தெரியவில்லை. 450-க்குக் கேட்டோம், 500-க்குத் தந்தார். இப்போது ஷெட்டில் இருக்கிறது. அந்தச் சாம்பல் கஞ்சி எவ்வளவு பெரிய சிக்கல்? அப்புறம், பினியனை டிரான்ஸ்ஃபர் கேஸை நோக்கிச் சாய்த்தால் ஷாஃப்ட்டுக்கு நல்லது என்கிறார்கள். எவ்வளவு சாய்க்கலாம்?

ஃபிரெஸ்னோ பட்டறை, கலிபோர்னியா

நல்ல விலை. சாம்பல் கஞ்சி என்றால் உள் ஆயில் சீல் போய்விட்டது, டிஃபரன்ஷியல் ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்திருக்கிறது. சீல் மலிவு. ஆனால் அது ஏன் போனது என்பதைப் பாருங்கள். வயதால் மட்டும் போயிருக்கலாம். நக்கிள் மையம் விலகியிருந்தால் ஷாஃப்ட் சீலை ஒரே பக்கமாகத் தேய்த்துக்கொண்டே இருக்கும், புதிய சீலும் ஆறு மாதத்தில் அதே வழியில் போகும். பழைய சீலை எடுத்து அதன் உதட்டைச் சுற்றிலும் பாருங்கள். ஒருபக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் மேல் ஷிம்மையும் கீழ் ஷிம்மையும், அதாவது இடையில் வைக்கும் மெல்லிய தகடுகளை, மாற்றி மையத்துக்குக் கொண்டுவர வேண்டும். மொத்தத் தடிமனை மாற்றாமல் மேலிருந்து கீழே, அல்லது கீழிருந்து மேலே நகர்த்துவதுதான் அந்த வேலை.

அதன் பிறகு பேரிங் இறுக்கம். இதற்கு மீன் எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று போதும். ஷாஃப்ட்டும் ஆயில் சீலும் போடாமல், டை ராட் மாட்டும் துளையில் கொக்கியை மாட்டி, ஆர்முக்குச் செங்குத்தாக மெதுவாக இழுங்கள். நக்கிள் நகரத் தொடங்கும் கணத்தில் தராசு 3 முதல் 6 கிலோ வரை காட்ட வேண்டும். குறைந்தால் ஷிம்மை எடுக்க வேண்டும், கூடினால் சேர்க்க வேண்டும். தளர்வாக விட்டால் நெடுஞ்சாலையில் 50 மைல் வேகத்தில் முன்பக்கம் நடுங்கும். பலர் அதற்கு டயரைக் குற்றம் சொல்லி நான்கு டயர் மாற்றியிருக்கிறார்கள்.

பினியன் சாய்வு பற்றி: ஹவுசிங்கை மட்டும் சுழற்றிப் பினியனை மேலே தூக்கினால் நக்கிளும் கூடவே சுழலும், அது திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணமான காஸ்டர் குறையும். காஸ்டர் இல்லாத வண்டி நேராக ஓடாது, ஸ்டீயரிங் தானாக மையத்துக்கு வராது. தினமும் 44 மைல் என்று சொன்னீர்கள். ஆகவே முதலில் காஸ்டர், பிறகுதான் பினியன். வண்டி தன் எடையில் நிற்கும்போது 4 பாகைக்குக் குறையாமல் வையுங்கள். அப்போது பினியன் கீழே நோக்கினால் இரட்டை கிராஸ் உள்ள ஷாஃப்ட் போட்டுச் சமாளிக்கலாம். அதற்கும் மீறினால் நக்கிள் பந்தின் வெல்டை அறுத்துச் சுழற்றி மறுபடி வெல்ட் செய்ய வேண்டும். அதை நன்கு தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். என் முதல் வண்டியில் ஒரு கடையில் செய்த வெல்ட் ஓரத்தில் மயிரிழை விரிசல் விட்டிருந்தது. கழுவும்போது தற்செயலாகப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. பிள்ளைகளை அதில்தான் பள்ளிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன்.

பட்டை வைக்கும் இடங்களை முதலில் நிரந்தரமாக வெல்ட் செய்யாதீர்கள். பொட்டு வெல்ட் மட்டும் வைத்து, எஞ்சின், ரேடியேட்டர், பம்பர் எல்லாம் ஏற்றி, வண்டியைத் தரையில் நிறுத்தி, கோணம் பார்த்த பிறகே முழு வெல்ட். பட்டை முழுதாக அழுங்கினால் உருண்டை ஆயில் பானில் இடிக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

கிராண்ட் ஜங்ஷன்வாசி, கொலராடோ

ஒரே ஒரு விஷயம் சேர்க்கிறேன். உயர்ந்த ஆர்ம் போட்ட டொயோட்டா நக்கிளில் அந்த நான்கு ஸ்டட்டுகளும் தளரும். என் நண்பர் ஒருவருடையது நான்கும் ஒன்றாக அறுந்து, நல்லவேளையாக வீட்டு வாசலிலேயே ஆர்ம் கழன்றது. புதிய ஸ்டட் போடுங்கள், கூம்பு வாஷர்களை எண்ணெய் பிசுக்கு இல்லாமல் துடைத்துப் போடுங்கள். முதல் 100 மைலில் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் டார்க் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். நட்டிலிருந்து ஆர்ம் வரை பெயிண்ட்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால், தளர்ந்ததைக் குனிந்தே கண்டுபிடிக்கலாம்.

பாலைவழி, மேசா

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இடது சீலின் உதடு மேல்பக்கம் மட்டும் கத்தி போலத் தேய்ந்திருந்தது, கீழ்பக்கம் புதிதாகவே இருந்தது. அண்ணா சொன்னதுதான். ஷிம் நகர்த்தி மையம் பார்த்தோம். மீன்பிடிச் சாமான் கடையில் கொக்கித் தராசு வாங்கினேன். இடது பக்கம் முதல் இழுப்பிலேயே 4 கிலோவுக்குச் சற்று மேல். வலது பக்கம் இரண்டுகூட வரவில்லை, கை விரலால் தள்ளினாலே நக்கிள் ஆடியது. நன்றாக இருக்கிறது என்று நினைத்த பக்கம் அது. பேரிங்கைக் கழற்றினோம், கிண்ணத்தில் ரோலர் பதிந்த பள்ளங்கள் வரிசையாகத் தெரிந்தன. இரண்டு பக்கத்துக்கும் புதிய பேரிங் சொல்லியிருக்கிறோம், வியாழக்கிழமை வரும்.

4.88 கிரௌன்-பினியன் முன்னுக்கும் பின்னுக்கும் வாங்கியாயிற்று. குரோமோலி ஜாயிண்ட் அடுத்த சம்பளத்தில். ஸ்டீயரிங் பாக்ஸுக்கான குழாய்களைக் கணவர் அறுத்து வைத்திருக்கிறார். முழு வெல்டுக்கு முன்னால் கோணம் அளந்து இங்கே எழுதுகிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.